கள்ளனுக்குக் கதவு திறந்தது யார்?

கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலோரமாக வடகிழக்கே சற்றுத் தூரம் போனால் கூடங்குளம் வந்துவிடும். கடற்கரைச் சாலை வழியாகத் திருச்செந்தூருக்குப் போகிற நம் பக்கத்து ஜனங்கள் அங்குள்ள அணுமின் நிலையத்தின் வட்டக் கூரைகளைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள். 2019ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் அந்த நிலையத்தைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. கம்ப்யூட்டர்க் கள்ளர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்பதே அது. 29ஆம் தேதி நிலையத்தார் அதை மறுத்து அறிக்கை விட்டார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகத்தார், விஷமப் புரோகிராம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது மெய்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 4ஆம் தேதியே ‘செர்ட்-இன்’ என்னும் சர்க்கார் ஸ்தாபனம், அதாவது கம்ப்யூட்டர் ஆபத்துக்களைக் கண்காணிக்கும் குழு, அதைக் கவனித்துத் தெரிவித்திருந்ததாம்.

நல்ல வேளையாக, அந்தப் புரோகிராம் புகுந்தது மின் உற்பத்தியை நடத்தும் யந்திரங்களில் அன்று. காரியாலய வேலைகளுக்காக இண்டர்நெட்டுடன் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. உலையை நடத்தும் கம்ப்யூட்டர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தனிக்கட்டில் இருந்தன. ஆகவே அவற்றுக்குப் பங்கம் இல்லை என்று கழகத்தார் சொன்னார்கள். நிபுணர்கள் அந்தப் புரோகிராமுக்கு ‘டி-டிராக்’ என்று பெயர் சொல்லுகிறார்கள். அது எதையும் உடைப்பதில்லை; எரிப்பதில்லை. மூலையில் உட்கார்ந்துகொண்டு, மனிதர் அழுத்துகிற எழுத்துக்களையும், அவர் பார்த்த பக்கங்களையும், வைத்திருக்கும் பைல்களின் ஜாபிதாவையும் குறித்துக்கொள்ளுகிறது. அதன் உடன்பிறப்பு ஒன்று 2018இல் நம் தேசத்து ஏ.டி.எம். யந்திரங்களிலும் புகுந்து கார்டு விவரங்களைத் திருடியது.

இந்தச் செய்தியை நாம் இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அணுமின் நிலையத்தில் ஆபத்தான விஷயத்துக்கு ஒரு கட்டு, சாதாரண விஷயத்துக்கு ஒரு கட்டு என்று பிரித்து வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் அப்படியா? ஒரே கம்ப்யூட்டர். அதிலேதான் பாங்குக் கணக்கு, அதிலேதான் நிலப் பத்திரத்தின் பிரதி, அதிலேதான் கல்யாணப் படங்கள், அதிலேதான் பையனுடைய விளையாட்டு. கூடத்து மேஜைமேல் இருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் தட்டுவார்கள். அதற்குள் கள்ளன் புகுந்தான் என்றால் எந்த அறைக்கும் தனியாகப் பூட்டு இல்லை.

பொதுவாக இவற்றையெல்லாம் ‘வைரஸ்’ என்றே ஜனங்கள் சொல்லுகிறார்கள். ஏதோ காற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும் வியாதி என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உண்டாக்கிவிட்டது. “தானாக வந்துவிட்டது” என்று சொல்லாத வீட்டாரை நாம் இதுவரை பார்த்ததில்லை. தானாக வருவனவும் சில உண்டு; அவற்றைப் பிறகு சொல்லுகிறோம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடிப்பவற்றில் பெரும்பாலானவை வீட்டார் யாரோ ஒருவர் தம் கையால் கதவைத் திறந்து, உட்கார நாற்காலியும் போட்டு அழைத்தவையே.

1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ என்பதைத்தான் ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களின் முதல் வைரஸ் என்று சொல்லுவது வழக்கம். அது ஃப்ளாப்பித் தட்டில் ஏறிக் கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியது. 2000ஆம் வருஷம் மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பியது ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பிட்ட கடிதம். கூடவே ஒரு காதல் கடிதப் பைல். பெயரின் வாலில் ‘டி.எக்ஸ்.டி.’ என்று இருக்கவே, வெறும் எழுத்துப் பைல் என்று உலகம் நம்பிற்று. அந்த வாலுக்குப் பின்னால் ‘வி.பி.எஸ்.’ என்று இன்னொரு வால் இருந்தது. புரோகிராம் என்பதற்கு அதுவே அடையாளம். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துக் காட்டும் வழக்கம் உடையது. இன்றும் அதே வழக்கந்தான். பைல் ஜாபிதாவின் ‘வியூ’ என்னும் பகுதிக்குப் போய், பைல் பெயர்களின் வாலையும் காட்டும்படி ஒரு முறை அமைத்துவிட்டால் போதும், ‘பில்.பி.டி.எஃப்.’ என்ற முகமூடிக்குப் பின்னால் ‘இ.எக்ஸ்.இ.’ என்ற சொந்த முகம் தெரிந்துவிடும். ஐந்து விநாடி வேலை. இதைச் செய்யாத வீடு ஒன்றும் இருக்கக் கூடாது என்பது நம் கட்சி.

அந்தக் காலத்து விஷமிகளில் பலர் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளவே எழுதினார்கள். இப்போதையவர்கள் வியாபாரிகள். அவர்களுடைய வியாபாரம் நம் ஊருக்கு வந்த கதையைச் சொல்லுகிறோம்.

நம் தெருவில் ஒரு பெரியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, “சாரே, மோளுக்கக் கலியாணப் படம் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது, ஒண்ணு வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்தில் அர்த்தமில்லாத வால் ஒன்று முளைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு. “உன் பைல்களையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேச வந்தால் பாதி, அதாவது 490 டாலர்” என்பது அதன் சாரம். தீபாவளித் தள்ளுபடி மாதிரி!

இதற்கு ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜவு’ என்றும் பெயர். 2018 முதல் உலகமெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களையே பெரிதும் குறிவைத்த பூட்டுக் கள்ளன் இது. இது எப்படிப் புகுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம்களைப் பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லுகிற இடங்களில்தான் இது காத்திருக்கும். அந்த வீட்டுப் பையன் அக்காளுடைய கல்யாண ஆல்பத்தை அழகாக்க ஆசைப்பட்டு, படங்களை அலங்கரிக்கும் விலை உயர்ந்த புரோகிராம் ஒன்றைத் திருட்டு வழியில் இறக்கியிருந்தான். இறக்கும்போது கம்ப்யூட்டரிலிருந்த காவற்காரன் கூச்சல் போட்டிருக்கிறான். “வைரஸ் என்று பொய்யாகக் காட்டும், காவலை நிறுத்திவிட்டு நடத்துங்கள்” என்று அந்த இடத்திலேயே உபதேசம் எழுதி வைத்திருந்தது. பையன் அவ்வாறே செய்தான். நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை வரவேற்பது என்பது இதுதான்.

பையனைக் குறை சொல்லி என்ன பயன்? நம் வீடுகளில், காசு கொடுத்துப் புரோகிராம் வாங்குகிறவனை ஏமாளி என்று நினைக்கும் பழக்கம் பெரியவர்களிடமே இருக்கிறது. அதே வேலைக்கு நேர்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியவில்லை. கடிதமும் கணக்கும் எழுத ‘லிப்ரே ஆபீஸ்’, படங்களைத் திருத்த ‘கிம்ப்’. இவற்றைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. எல்லைக்கு அப்பால், மலையாள தேசத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர்ப் பாடம் முழுவதையுமே இத்தகைய சுதந்தரப் புரோகிராம்களைக் கொண்டு நடத்தி வருகிறார்கள். நம் ராஜ்யத்திலும் 2011 முதல் மாணவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த லாப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸையும் வைத்துக் கொடுத்தார்கள். அது சி-டாக் என்னும் நம் தேசத்து ஸ்தாபனம் செய்த சுதேசிச் சரக்கு. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

பெரியவர் வீட்டு விஷயத்துக்கு வருவோம். முதலில் நாம் செய்தது இண்டர்நெட் இணைப்பைப் பிடுங்கியதுதான். இந்த ஜாதிக் கள்ளன் தனியாக வருவதில்லை. கடவுச்சொற்களைத் திருடும் கூட்டாளி ஒருவனையும் பல சமயம் இட்டு வருகிறான். ஆகையால் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல், வேறொரு சுத்தமான யந்திரத்திலிருந்து பாங்கு, ஈமெயில் எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்றச் செய்தோம். ஈமெயிலில் ‘எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு’ என்று ஒரு வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்தினோம். இந்த வரிசை முக்கியம். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிட்டுச் சாவகாசமாகக் கடவுச்சொல்லை மாற்றலாம் என்று இருந்தால், அதற்குள் கள்ளன் அயலூரில் உட்கார்ந்து நம் சாவியால் நம் பெட்டியைத் திறந்து கொண்டிருப்பான். நோயுள்ள யந்திரத்திலேயே புதிய கடவுச்சொல்லை அடிப்பதோ, அதை அவன் காதில் போய்ச் சொல்வதற்குச் சமானம்.

பணம் கொடுக்கலாமா என்று பெரியவர் கேட்டார். கூடாது என்றோம். கொடுத்தாலும் சாவி வரும் என்பது நிச்சயமில்லை. வந்தாலும், கொடுத்த பணத்தில் அடுத்த வீட்டுக்கு வலை பின்னுவான். ‘நோ மோர் ரான்ஸம்’ என்று ஒரு தர்ம ஸ்தாபனம் போன்ற ஏற்பாடு 2016 ஜூலை முதல் நடந்து வருகிறது. டச்சுப் போலீஸாரும், யூரோபோல் என்னும் ஐரோப்பியப் போலீஸ் ஸ்தாபனமும், கம்ப்யூட்டர்க் காவல் கம்பெனிகள் சிலவும் சேர்ந்து ஆரம்பித்தது. கண்டெடுத்த சாவிகளை அங்கே இலவசமாக வைத்திருக்கிறார்கள். 2019 அக்டோபரில் ‘எம்ஸிஸாப்ட்’ கம்பெனியார் இந்த டிஜவுக் கள்ளனின் பழைய வகைகள் 148க்கு இலவசச் சாவி ஒன்று செய்து கொடுத்தார்கள். பெரியவர் வீட்டில் வந்ததோ புதிய வகை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சாவி. அது கள்ளனிடமே இருக்கிறது. திறக்கவில்லை.

ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது. இந்தக் கள்ளன் அவசரக்காரன். ஆயிரக்கணக்கான பைல்களை யாரும் பார்ப்பதற்குள் பூட்ட வேண்டுமல்லவா? ஆகவே பெரிய பைல்களின் முற்பகுதியை, அதாவது சுமார் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறான். கல்யாண வீடியோ மிகவும் பெரிது; அதன் தலை போயிற்றே தவிர உடல் முழுவதும் அப்படியே இருந்தது. தலையை ஒட்டவைக்கும் இலவசப் புரோகிராமைக் கொண்டு அதை மீட்டோம். படங்களில் பலவற்றை உறவினர்களின் போன்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தார்கள். காலஞ்சென்ற மனைவி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் மட்டும் யாரிடமும் இல்லை. பூட்டப்பட்ட பைல்களை ஒரு தனித் தட்டில் ஏற்றிப் பீரோவில் வைக்கச் சொன்னோம். கள்ளர்கள் பிடிபடும்போது சாவிகள் அகப்படுவதும் உண்டு. அதனால் பூட்டியவற்றை அழித்துவிடக் கூடாது. அந்தத் தட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா வீட்டுக்கும் வேண்டாம். சாதாரணத் தொந்தரவுக்கு விண்டோஸோடு வருகிற ‘டிஃபெண்டர்’ காவலனே போதும். அதில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பி, விண்டோஸ் விழித்துக்கொள்வதற்கு முன்பே சோதனை நடத்தும். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் தந்திரக்காரர்கள் அப்போது அகப்படுவார்கள். அகப்பட்டதைக் காவலன் உடனே கொல்லாமல் ‘குவாரண்டைன்’ என்று தனிச் சிறையில் வைப்பான். நம் திருவட்டாறுக் கோயில் தலபுராணத்தில், அசுரன் தப்பாதபடி அவன்மேலேயே பெருமாள் பள்ளிகொண்டதாக ஒரு வரலாறு சொல்லுவார்கள். அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தவறாகப் பிடிபட்ட நல்ல பைலை மீட்கவும் அதில் வழி இருக்கிறது.

நம் தேசத்தாரே செய்த காவல் புரோகிராம்களும் உண்டு. சென்னையில் கே-7, புனாவில் குவிக் ஹீல். சர்க்கார் 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘ஸைபர் ஸ்வச்சதா கேந்திரம்’ இலவசச் சுத்திகரிப்புக் கருவிகளை வழங்கியிருக்கிறது. எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசலில் இரண்டு காவற்காரர்களை நிறுத்தினால் ஒருவனை ஒருவன் திருடன் என்று பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரை நத்தை வேகத்துக்குக் கொண்டு வந்துவிடுவார்கள்.

நிற்க. நம் ஊர்களில் கள்ளன் ஏறி வரும் வாகனம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பென் டிரைவ். ஹால் டிக்கெட், ஜாதிச் சான்றிதழ், பையனுடைய புராஜெக்ட், எது அச்சடிக்க வேண்டுமானாலும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறோம். காலை முதல் இரவு வரை ஊரார் பென் டிரைவெல்லாம் செருகப்படும் கம்ப்யூட்டர் அது. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால், பெட்டிகளெல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆகியிருக்கும். உள்ளே இருந்தவை அழிந்துபோகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அதே பெயரில் ஒரு போலி வைக்கப்பட்டிருக்கிறது. போலியைத் தட்டினால் உண்மைப் பெட்டியும் திறக்கும். கூடவே கள்ளனும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறங்குவான். பெட்டி திறந்துவிடுகிறபடியால் யாருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை. போலியைத் தட்டாமல், முதலில் காவலனை விட்டுப் பென் டிரைவைச் சோதித்து, பிறகு மறைந்த பைல்களை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும். இதைவிடச் சுலபம், கடைக்கென்றே ஒரு சின்னப் பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுவது. அச்சடிக்க வேண்டிய ஒரே பைலை அதில் ஏற்றிக்கொண்டு போவது. திரும்பி வந்தால் பைலைத் திறக்காமலே முழுவதையும் அழித்து ‘ஃபார்மாட்’ செய்வது. பென் டிரைவை அற்பமாக நினைக்க வேண்டாம். 2010இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் அணுசக்திச் சாலையைக் குறிவைத்தது. அது இவ்வகைத் துணுக்கில் ஏறியே பரவியது. அது அதிகமாகப் பரவிய தேசங்களில் நம் தேசமும் ஒன்று.

தானாக வருவனவற்றைச் சொல்லுவதாக வாக்களித்தோம். 2017 மே 12ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்பது யாரும் எதையும் தட்டாமலே, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வலை வழியாகத் தாவிற்று. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம்! ‘அப்டேட்’ என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’, ‘பிறகு’ என்று தள்ளுகிறவர்கள் இந்தத் தேதிகளை மேஜைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மருந்து வருவதே நின்றுபோன யந்திரங்கள் வேறு வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10க்கு வழக்கமான சீர்திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. விண்ணப்பித்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேலும் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். பழைய யந்திரம் புதிய விண்டோஸைத் தாங்காது என்றால், லினக்ஸை ஏற்றிப் பிள்ளைகளின் படிப்புக்கு விடலாம். அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் பாங்கு வேலையை அதில் செய்யாதிருப்பது உத்தமம்.

வீட்டு ஸ்திரீகளிடமிருந்தும் முதியவர்களிடமிருந்தும் நாம் அதிகமாகக் கேட்பது இன்னொரு தொந்தரவு. ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிவப்புத் திரை, மணியோசை, “உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யவும்!” என்ற மிரட்டல். இது முழுப் பொய். ஒரு வலைப்பக்கம் நம் கம்ப்யூட்டரைச் சோதிக்கவே முடியாது. அந்த ஜன்னலை மூடினால் போதும். மூட மறுத்தால் கம்ப்யூட்டரையே நிறுத்திக் கிளப்பலாம். முன்பு எப்போதோ ஏதோ ஒரு பக்கம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டதற்கு ‘அலவ்’ என்று அழுத்தியிருந்தால், இந்த மிரட்டல் தினமும் மூலையில் எட்டிப் பார்க்கும். பிரௌஸரின் அமைப்புப் பகுதியில் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். போன் செய்தவர்களுக்குத்தான் மெய்யான ஆபத்து. மறுமுனையில் இருப்பவர் மிக மரியாதையாகப் பேசி, நம் திரையை அவர் கைக்கு மாற்றிக்கொண்டு விடுவார். இந்தத் தொழிலை நடத்துகிற கூட்டங்கள் நம் தேசத்து நகரங்களிலேயே இருந்துகொண்டு அயல் தேசத்து முதியோர்களை ஏமாற்றி வந்திருக்கின்றன என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மைக்ரோஸாப்ட், அமேஸான் கம்பெனிகளின் புகார்மேல் 2023 அக்டோபரில் ஸி.பி.ஐ. போலீஸார் பல ஊர்களில் சோதனை நடத்தினார்கள்.

இத்தனை காவலும் ஒரு நாள் தவறக்கூடும். அன்றைக்கு உதவுவது பிரதி ஒன்றே. கம்ப்யூட்டரோடு எப்போதும் செருகியே கிடக்கும் தட்டு பிரதி ஆகாது. பூட்டுக் கள்ளன் அதையும் சேர்த்தே பூட்டுவான். மாதம் ஒரு முறை, அமாவாசையோ சம்பள நாளோ, ஏதாவதொரு நாளை வைத்துக்கொண்டு, வெளித் தட்டைச் செருகிப் படங்களையும் பத்திரங்களையும் ஏற்றிப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். மிக வேண்டியவற்றுக்கு இன்னொரு பிரதி வேறொரு வீட்டில், மகள் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ, இருந்தால் வெள்ளத்துக்கும் அது உதவும். பரளியாறும் கோதையாறும் சூழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாங்கிலிருந்து பணமே போய்விட்டது என்றால் வேறு எதற்கும் காத்திராமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்; பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க அவர்கள் முயலுவார்கள். மிரட்டல் சீட்டையும், பூட்டிய பைல் ஒன்றிரண்டையும், திரையின் புகைப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கம்ப்யூட்டரைத் துடைக்கலாம். போலீஸார் முதலில் கேட்பது அவற்றைத்தான்.